பச்சைப் புள்ளியை வைத்தது யார்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஒரு போன். புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்குப் பயிற்சி வகுப்பாம். தலைப்பு, ‘செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் வேலைக்கான உணர்வுத் திறன்கள்’. நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். “அஞ்சு பாயிண்டா குடுத்துடுங்க மேடம், ஸ்லைடு நாங்களே போட்டுக்கறோம்” என்றது போனில் பேசிய பெண்.

என் வாழ்க்கையில் நான் எதையும் ஐந்து பாயிண்டாகக் கற்றுக்கொண்டதில்லை. இருந்தாலும் கூப்பிட்டார்களே என்ற பெருமையில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அரை மணி முடிந்தபோது நான் ஆரம்பத்தையே தாண்டவில்லை. கைதட்டி, ஒரு பிளாஸ்க் கொடுத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது ஒரு பையன் எழுந்து கேட்டான். “மேடம், இப்பல்லாம் தொழிலாளிக்கு அனுப்புற மெசேஜைக் கூட மனசு நோகாம ஆப்பே எழுதித் தருது. அப்புறம் நாங்க கத்துக்க என்ன இருக்குது?” நல்ல கேள்வி. பதில் என்னிடம் இருந்தது, ஆனால் வேன் கிளம்ப நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. கிருஷ்ணகிரியில் பிறந்து, ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். தொடக்கத்தில் அளவு பார்க்கும் வேலை, பிறகு இரும்புத் தகட்டை அடித்து வெட்டும் பிரஸ் பிரிவில் லைன் லீடர், கடைசிப் பன்னிரண்டு வருஷம் பரிசோதனைப் பிரிவுக்கு இன்சார்ஜ். வெர்னியர் பிடிக்கவும் வரைபடம் படிக்கவும் கற்றுக்கொண்ட கதை எல்லாருடைய கதையும் போலத்தான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வேண்டியது நாகராஜப்பா சாரைப் பற்றி.

அவர் பிரஸ் பிரிவின் ஃபோர்மேன். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். குள்ளம், கொஞ்சம் தொப்பை, சட்டைப் பையில் எப்போதும் மடித்த ஒரு துணி. சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. பார்க்கிறவர்களையெல்லாம் “ஊட்டா ஆய்தா?”, சாப்பாடு ஆச்சா என்று கேட்பார். சும்மா கேட்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்கிறவனின் குரலை வைத்து அவனுக்கு அன்று எந்த மெஷின் கொடுப்பது என்று முடிவு செய்வார் என்பது பிறகுதான் புரிந்தது.

எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் இடத்துக்கு செல்போன் கொண்டு போகக் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் வீட்டில் ஏதாவது என்றால் சொந்தக்காரர்கள் கேட் செக்யூரிட்டிக்குப் போன் செய்வார்கள், செக்யூரிட்டி பிரிவுக்குச் சொல்வார், பிரிவில் இருக்கிற லைன் லீடர் போய் அந்த ஆளிடம் சொல்ல வேண்டும். சாவுச் செய்தியும் அப்படித்தான் வரும். இதற்கு யாரும் பயிற்சி தந்ததில்லை.

நான் லைன் லீடராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாதப்பன் என்ற ஆபரேட்டருடைய அப்பா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சீக்கிரம் சொல்ல வேண்டும் என்ற ஒரே நினைப்பில் ஓடினேன். பிரஸ் சத்தத்தில் அவன் காதருகே போய், “மாதப்பா, உங்கப்பா போயிட்டாராம்பா” என்று கத்தினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கால் பெடலை மிதித்துவிட்டது. பிரஸ் இறங்கியது.

கையுறையின் நுனி மட்டும் போனது. விரல் தப்பியது.

நாகராஜப்பா சார் எங்கிருந்தோ வந்து சுவிட்சை அணைத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதப்பனை அழைத்துப்போய் உட்காரவைத்து, ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்து, வேன் கேட்டைத் தாண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். “மொதலு மெஷின் நில்ஸு. ஆமேல மாத்து” என்றார். முதலில் மெஷினை நிறுத்து, பேச்செல்லாம் அப்புறம். அவ்வளவுதான். போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் இந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் நான் உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தேன். செய்தி வந்ததும் அவர் நேராக அந்த ஆளிடம் போகவே மாட்டார். முதலில் மாற்று ஆபரேட்டரைக் கூட்டிக்கொள்வார். மெஷின் பக்கத்தில் போய் நின்று, ஓடிக்கொண்டிருக்கும் அடி முடியும்வரை காத்திருந்து, தன் கையாலேயே அணைப்பார். “பாரப்பா, ஒரு வேலை இருக்குது” என்று வெளியே கூட்டிப்போவார். கண்ணாடி கேபினுக்கு ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. அங்கே யார் போனாலும் பிரிவே வேடிக்கை பார்க்கும். சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது, அங்கேதான். கையுறையைக் கழற்றச் சொல்வார். தண்ணீர் குடிக்கச் சொல்வார். எதிரே உட்கார மாட்டார், பக்கத்தில் உட்காருவார். பிறகு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். ‘சீரியஸா இருக்காங்களாம்’ என்று மென்று விழுங்குகிற பழக்கமே கிடையாது. பாதிச் செய்தி கேட்டவன்தான் வண்டியை முறுக்கிக்கொண்டு பறந்து போய் எங்கேயாவது விழுவான் என்பார். அந்த ஒரு வாக்கியத்தை அந்த ஆளின் வீட்டு மொழியில்தான் சொல்வார். கன்னடக்காரனுக்குக் கன்னடம், தெலுங்குக்காரனுக்குத் தெலுங்கு, நமக்குத் தமிழ். இலக்கணம் எப்படி இருந்தாலும் கவலைப்பட மாட்டார்.

சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்வார். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அழுகிறவன் பக்கத்தில் ஆறுதல் சொல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, எங்கள் கம்பெனியில் யாருக்கு என்ன கெட்ட செய்தி என்றாலும் “பிலோமி அக்காவக் கூப்பிடு” என்பது வழக்கமாகிவிட்டது. மற்ற பிரிவுக்காரர்கள்கூட வந்து கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

இனி சரோஜம்மா விஷயம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அது. சரோஜம்மா என் பரிசோதனைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக இருந்தவர். என்னைவிட ஒரு வயது இளையவர் என்று சான்றிதழ் சொல்லும், பார்த்தால் மூத்தவர், நிஜ வயது அவருக்கே தெரியாது. பேரிகைப் பக்கம் ஊர், வீட்டில் தெலுங்கு. எங்களிடம் வருவது பிரேக்கில் உட்காரும் உள்ளங்கை அகலத் தகடுகள். ஒரு டிரேயில் ஆறுக்கு நாலாக இருபத்துநாலு தகடு. விளக்கடியில் டிரேயை வைத்து, விரிசல், கீறல், பிசிறு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்து, மேலே இன்னொரு டிரேயைக் கவிழ்த்துப் புரட்டி, மறுபுறம் இன்னொரு பார்வை பார்க்க வேண்டும். கெட்டதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, நல்லதன் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிறம். சரோஜம்மாவுக்குப் பச்சை. அவருக்கு அடுத்த மேஜையில் இருந்த கௌசல்யாவுக்குச் சிவப்பு. பச்சைப் புள்ளி இருந்தால் அடுத்த பிரிவுக்காரன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப்போவான். அப்படி ஒரு பெயர் அந்தப் புள்ளிக்கு.

அந்த வருஷம்தான் கேமரா வந்தது. எங்கள் மேஜைகளைத் தாண்டி, உருளைப் பாதையின் கடைசியில் அதை வைத்தார்கள். நாங்கள் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு டிரேயையும் அது படம் பிடித்து, நாங்கள் விட்ட குறையைக் கண்டுபிடித்துத் தனியே தள்ளும். சோதனை ஓட்டம், யாருக்கும் வேலை போகாது என்றார்கள். பெண்கள் யாரும் நம்பவில்லை. சரோஜம்மா கேண்டீனில் எல்லார் முன்னாலும், “பாக்கலாம், அதுவா நானான்னு” என்று சொல்லிவிட்டார். அந்த வாய்தான் பிறகு வினையாகப் போனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, கேமரா வேலைக்குப் பொறுப்பாளரான விக்னேஷ் சார் என்னைக் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர், முப்பதைத் தாண்டியிருக்கும், கெட்டிக்காரர். திரையில் ஒரு வரைபடம் காட்டினார். பச்சைப் புள்ளி மாதத்தில் பெரும்பாலான நாள் சுத்தம். சில நாள் மட்டும் கெட்ட தகடுகள் கும்பலாக வந்திருந்தன.

“நல்லாப் பார்க்கத் தெரிஞ்சவங்க சில நாள் மட்டும் எப்படி மேடம் இத்தனைய விடுவாங்க? வேணும்னே விடுதாங்க. கேமரா கோட்ட விடுதான்னு பாத்து, அத மாட்டிவிடணும்னு.”

“சரோஜம்மா அப்படிச் செய்ய மாட்டாங்க சார்.”

“கேண்டீன்ல சொன்னத எல்லாருந்தான் கேட்டாங்க. பிரேக் பார்ட் மேடம் இது. நான் என்ன செய்ய?”

தகட்டைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அது யாரோ ஒருவருடைய வண்டிச் சக்கரத்தில் உட்காரப் போவது. அவர் ஒரு கடிதத்தையும் காட்டினார். விளக்கம் கேட்டு, திங்கட்கிழமை விசாரணைக்கு வரச்சொல்லும் கடிதம். கம்ப்யூட்டரிடம் விவரத்தைக் கொடுத்து எழுத வைத்ததாம். ‘தங்களின் நீண்டகாலப் பங்களிப்பை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்’ என்று ஆரம்பித்தது. அழகான தமிழ். ஒரு கடுஞ்சொல் கிடையாது. என் முப்பது வருஷத்தில் எந்த அதிகாரியும் அவ்வளவு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. படித்து முடித்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. விசாரணை என்று ஒன்று நடந்து, வேண்டுமென்றே செய்தார் என்று முடிவானால், பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் திருடியைப் போல வெளியே போக வேண்டியதுதான்.

“சனிக்கிழமை வரைக்கும் இத அனுப்பாதீங்க சார்” என்றேன். “எண்ணிக்கை வேணாம். கேமரா எடுத்த படத்தையெல்லாம் எனக்குப் பிரிண்ட் போட்டுக் குடுங்க.”

அவர் கொடுத்தார். கொடுக்காமலும் இருந்திருக்கலாம், அதைச் சொல்ல வேண்டும். கேமரா தன் படங்களில், விடுபட்ட கெட்ட தகட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றை என் மேஜையில் பரப்பினேன். டிரேயில் அடையாள அட்டை ஒட்டிய பக்கம் எப்போதும் பார்க்கிறவரை நோக்கித்தான் இருக்கும், புரட்டுவதும் தன் பக்கமாகத்தான், அதனால் இடம் வலம் மாறாது. வட்டங்கள் எல்லாமே இடது ஓரத்து இரண்டு வரிசையில் இருந்தன. வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

வேண்டுமென்று செய்கிறவள் இடது பக்கமாகப் பார்த்தா செய்வாள்?

பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்தேன். கெட்ட தகடு வந்த நாளெல்லாம் கௌசல்யா லீவு போட்ட நாள். சாமல்பட்டிப் பக்கத்தில் அவள் ஊர்த் திருவிழா நடந்த நாட்கள் அப்படியே வரிசையாக இருந்தன.

வியாழக்கிழமை கௌசல்யா மேஜைக்குப் பின்னால் போய் நின்றேன். சரோஜம்மாவின் டிரே உருளைமேல் நகர்ந்து அவளைத் தாண்டும்போது அவள் கை போன வேகம் இருக்கிறதே! இடது ஓரத்தை ஒரு பார்வை, ஒரு தகட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் டிரேயிலிருந்து நல்லதொன்று, ஏப்ரன் பையிலிருந்து மார்க்கர், ஒரு புள்ளி. பச்சை. சிவப்பு மார்க்கர் மேஜைமேல் இருந்தது.

“கௌசி, எத்தினி நாளா?” என்றேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. “ஆறு மாசம் இருக்கும்க்கா” என்றாள். கேமரா வருவதற்கும் முன்னாலிருந்து. “அவங்களுக்கே தெரியாதுக்கா. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாங்க. எனக்கு இந்த வேலையக் கத்துக் குடுத்ததே அவங்கதான. என் சீமந்தத்துக்கு எங்கம்மா எடத்துல நின்னு வளையல் போட்டதும் அவங்கதான. நான் செய்யாம யாரு செய்வா?”

எனக்கு அவளைத் திட்டவும் வரவில்லை, தட்டிக்கொடுக்கவும் வரவில்லை. ஏனென்றால் நானே யோக்கியம் இல்லை. சரோஜம்மா டிராலியில் இடது முழங்காலை இடித்துக்கொண்டதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இடப்பக்கமிருந்து கையசைத்தால் திரும்ப மாட்டார். “அக்காவுக்குப் பெருமை வந்துடுச்சு” என்று கிண்டல் செய்திருக்கிறேன். அவர் கண்ணில் ஏதோ கோளாறு என்று மனதின் ஒரு மூலைக்குத் தெரிந்திருந்தது. வருஷா வருஷம் கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையை நேராக நின்று கடகடவென்று படித்துவிடுகிறார், அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன். வயதானவரைப் போய்ச் சங்கடப்படுத்துவானேன் என்று விட்டதுதான் நிஜம். பிரிவில் அத்தனை பேரும் அவர்மேல் பிரியம் வைத்து, அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். கேமராவுக்கு மட்டும் அவர்மேல் பிரியம் இல்லை. அதனால் அது சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை சரோஜம்மாவின் மேஜைக்கு மாற்று ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். கையிலிருந்த டிரேயை முடிக்கவிட்டேன். விளக்கை நானே அணைத்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். இப்போது அங்கே சைக்கிள் ஏது, எல்லாம் பைக்குதான், ஆனால் பெஞ்சு இருந்தது. கையுறையைக் கழற்றச் சொன்னேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவருக்கு வேர்த்தது. அந்த பெஞ்சில் என்னென்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

“யாருக்கு இன்னா ஆச்சு, பிலோமி?”

முந்தின நாள் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த தெலுங்கில் சொன்னேன். “அக்கா, மீக்கு எடம பக்க கனபடலேது. நேனு சூசானு.” உங்களுக்கு இடது பக்கம் தெரியவில்லை, நான் பார்த்தேன் என்று. என் தெலுங்கு கேவலமாகத்தான் இருந்திருக்கும்.

அவர் முகம் இறுகிவிட்டது. “கண்ணு டெஸ்டுல பாஸ் ஆயிருக்கறன். சீட்டு இருக்குது, காட்டட்டுமா? நீயும் அந்தக் கேமரா பக்கம் போயிட்டியா?”

நாக்கின் நுனியில் நூறு சமாதானம் வந்து நின்றது, அத்தனையையும் விழுங்கிக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து, “என் மூக்க மட்டும் பாருங்கக்கா. கை தெரியறப்ப சொல்லுங்க” என்றேன். வலப்பக்கமிருந்து கையைக் கொண்டுவந்தேன். உடனே “ஆ” என்றார். இடப்பக்கமிருந்து கொண்டுவந்தேன். காதைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, கிட்டத்தட்ட அவர் மூக்கருகே வந்தபோதுதான் சொன்னார். சொன்னதும் தன் கையால் என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார், எங்கிருந்து வந்தது என்பதுபோல.

“கவனம் போயிடுச்சுன்னு நெனச்சன் பிலோமி” என்றார். “வயசாயிடுச்சு, மனசு வேலையில நிக்கமாட்டேங்குதுன்னு. எத்தினி தடவ என்னையே திட்டிக்கினன் தெரியுமா? கண்ணுன்னு தோணவே இல்ல.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதிச் செய்தி ஆகிவிடுமே என்று கௌசல்யாவின் பச்சை மார்க்கரையும் சொல்லிவிட்டேன். அதுதான் அவரை அடித்துப் போட்டது. “ஆறு மாசமா என் புள்ளிய வேற ஒருத்தி வெச்சாளா?” என்று கேட்டார். அழவில்லை. எழுந்து, கையுறையை என் மடியில் வைத்துவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு போனார்.

விக்னேஷ் சாரிடம் படங்களையும் பதிவேட்டையும் வைத்தபோது அவர் ஒவ்வொரு தேதியாக ஒத்துப் பார்த்தார். பிறகு கடிதத்தை என் கண் முன்னாலேயே அழித்தார். “எடம் எல்லாம் கேமரா குறிச்சுத்தான் வச்சிருந்தது மேடம். நான் எண்ணிக்கைய மட்டுந்தான் பார்த்தேன்” என்றார். சாக்குச் சொல்லாத ஆளை எனக்குப் பிடிக்கும். அன்று சாயங்காலமே அவர் காரில் சரோஜம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்னும் நோயாம். ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் தின்னுமாம், நடுப்பார்வை கடைசிவரை நன்றாகத் தெரியுமாம், அதனால் ஆளுக்கே தெரியாதாம். இடது கண்ணில் போனது போனதுதான் என்றார் டாக்டர். வலது கண்ணிலும் மூக்குப் பக்கம் தின்ன ஆரம்பித்துவிட்டது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிவிடலாம், இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார். கிளம்பும்போது, “ஆறு மாசம் முந்தி வந்திருந்தா இடது கண்ணுலயும் கொஞ்சம் மிச்சம் புடிச்சிருக்கலாம்” என்றும் சொன்னார். சரோஜம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

திங்கட்கிழமை விசாரணை நடக்கத்தான் செய்தது, வேறு விதமாக. தன்னுடையதல்லாத நிறத்தில் புள்ளி வைத்தது பெரிய குற்றம். கௌசல்யாவுக்கு என்ன தண்டனை என்று பேச்சு வந்தது. அவள் செய்தது தவறு என்பதை நான் பூசி மெழுகவில்லை. என் பிரிவில் ஆறு மாதமாக ஒரு மார்க்கர் கூடுதலாகச் சுற்றியிருக்கிறது, ஒருவருடைய பார்வை போயிருக்கிறது, இன்சார்ஜ் நான் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை, மெமோவை என் பெயருக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கொடுத்தார்கள், அவளை எச்சரிக்கையோடு விட்டார்கள். முப்பத்தொரு வருஷத்தில் என் ஃபைலில் இருக்கும் ஒரே மெமோ அதுதான். என் பேத்தி படித்துப் பார்த்துவிட்டு, “என்ன பாட்டி, திட்டி எழுதியிருக்காங்க!” என்றாள். சர்வீஸ் பாராட்டுக் கேடயம் அலமாரிக்குள் எங்கேயோ இருக்கிறது. அந்த மெமோதான் மேலே இருக்கிறது.

சரோஜம்மாவுக்கு வேறு வேலை வந்ததற்கும் விக்னேஷ் சார்தான் காரணம். எது விரிசல், எது வெறும் அச்சுத் தடம் என்று கேமராவுக்கு யாராவது படம் படமாகச் சொல்லித்தர வேண்டுமாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தகடு, திரையின் நடுவில். நடுப்பார்வைதான் சரோஜம்மாவுக்கு நன்றாக இருக்கிறதே. கேமரா நூறு தடவை விரிசல் என்று அடம்பிடித்த ஒன்றை, “அய்யோ, அது எண்ணெய்க் கறைப்பா” என்று ஒரே நொடியில் தள்ளிவிட்டார். அன்றைக்கு விக்னேஷ் சார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிரிவில் எல்லாரும் அவரைக் கேமரா டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது, பிடிக்காத மாதிரி காட்டிக்கொள்வார்.

ஆனால் கௌசல்யாவிடம் மட்டும் அவர் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி பஸ், ஒரே தெரு. முன்பெல்லாம் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருவார்கள். இப்போது அவர் முன்னால், இவள் பின்னால். ஒரு மாதத்துக்குமேல் அப்படியே போனது.

ஒருநாள் கௌசல்யா என்னிடம் வந்து நின்றாள். “அக்கா, நான் நல்லதுதான செஞ்சன்? அவங்க ஏன் என்மேல கோச்சிக்கினாங்க?”

டாக்டர் கடைசியாகச் சொன்னது அவளுக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டிருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். நானும் நல்லவளாகவே இருந்திருப்பேன். பெஞ்சுக்குக் கூட்டிப்போனேன். “நீ பிரியத்துலதான் செஞ்ச. ஆனா நீ மறைச்ச ஆறு மாசத்துல அவங்க எடது கண்ணு போயிடுச்சு. நான் கண்டும் காணாம இருந்ததும் அதுல சேத்தி” என்றேன். அவள் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோளோடு என் தோள் பட உட்கார்ந்திருந்தேன்.

அன்று ஷிப்ட் முடிந்து நானும் அவர்களுடைய பஸ்ஸில் ஏறினேன், என் வழி அது இல்லை என்றாலும். அவர்கள் இறங்கும் இடத்தில் சர்வீஸ் ரோட்டைக் கடக்க வேண்டும். லாரியும் கம்பெனி பஸ்ஸும் பெங்களூர் போகும் பைக்குகளும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. சரோஜம்மா ஓரத்தில் நின்று தலையை இடமும் வலமும் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொல்லிக்கொடுத்த பழக்கம். கௌசல்யா போய் அவருக்கு வலது பக்கமாக நின்றாள். “அக்கா, நான் மறைச்சதாலதான் உங்க கண்ணு போச்சு” என்றாள். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் நான்கு அடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எத்தனை வண்டிகள் போயின என்று தெரியாது.

சரோஜம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தார். “அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்டி” என்றார். “நீ இந்தப் பக்கம் வா. வண்டி வந்தா சொல்லு.”

“வருதுக்கா” என்றாள் கௌசல்யா. இருவரும் நின்றார்கள். லாரி போனது. “இப்ப வாங்க” என்றாள். கடந்தார்கள்.